வில்லா, வாளா? ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியது. அன்று மைக் இரண்டு தடவை நின்றுபோனதால் விட்டுப்போன இடங்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



என்னைப் பேசச் சொன்னது வரவேற்புரைக்காக அல்ல. ஒரு புகார் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்ட அறையில் நான் பிள்ளைகளை வைத்து நடத்தும் விளையாட்டில் என் பேரனுக்குச் சாதகமாக நடக்கிறேன் என்பதுதான் புகார். சொன்னவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாம் ஒரு பக்கமே சாயுதுன்னு பொண்ணு சொல்லுது." முப்பத்தைந்து வருஷம் வங்கியில் பணம் எண்ணியவனிடம் கணக்கு ஒரு பக்கம் சாய்கிறது என்று சொன்னால் அன்று ராத்திரி தூக்கம் வராது. வரவில்லை.

முதலில் அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். "பேய், பூதம் என்று ஏதோ பேசுகிறார்கள்" என்று சிலர் கவலைப்பட்டதாகக் கேள்வி. அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் எழுதி 1974இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் அவர்கள் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் பரப்பிப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஒரு படையையே நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு வீரனை வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்ற யோசனையில் பிறந்தது இது. திரை கிடையாது, செல்போன் கிடையாது. காகிதம், பென்சில், பகடை, வாய் இவை போதும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் தங்கள் வீரர்களாகப் பேசி முடிவெடுப்பார்கள். நடத்துகிறவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்ற எனக்கு இந்த வயதில் கிடைத்த பதவி உயர்வு அதுதான்.

எங்கள் மேசையில் நான்கு பேர். என் பேரன் வில்லாளி. இரண்டாம் மாடிப் பெண், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், வாள்வீராங்கனை. கீழ்த்தள இரட்டையரில் ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் காயத்துக்கு மருந்து போடும் பூசாரி. நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024இல் திருத்திய புத்தகம் வந்திருக்கிறது. பழையதே இன்னும் கிழியவில்லை என்பதால் வாங்கவில்லை.

புகாரின் மூலம் இதுதான். இரண்டாம் மாடிப் பெண்ணின் வாள்வீராங்கனை செத்துப்போனாள். புதிதாக ஒருத்தியை எழுதிக்கொண்டு வந்தாள், அவளும் வாள்தான். அவளும் செத்தாள். பேரனின் வில்லாளிக்கு இதுவரை ஒரு கீறல் பெரிதாக விழவில்லை. அன்று அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டு, "தாத்தா, இந்த கேம்ல வாள் எடுக்கறவ லூசு. நான் அடுத்த வாரம் வரலை" என்றாள். பேரன் சும்மா இருந்திருக்கலாம். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, வில்லு எடுன்னு" என்றான்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு சண்டையையும் நான் எழுதி வைத்திருக்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. முதலில் விதிப்புத்தகப்படி யாருக்கு உண்மையில் சாதகம் என்று பார்த்தேன். கணக்கு பிடிக்காதவர்கள் ஐந்து நிமிஷம் பொங்கல் சாப்பிடலாம்.

புதிதாகத் தொடங்கும் இரண்டு வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய வாள், இன்னொருவரிடம் நெடுவில். இருவருக்கும் அவரவர் திறமை எண் 16, அதாவது பகடையில் விழுவதோடு 3 கூடும். பயிற்சிக்காக இன்னும் 2. எதிரியின் கவச எண் 15 என்று வையுங்கள். இருபது முகப் பகடையை உருட்டி, இந்தக் கூட்டலையும் சேர்த்து 15 வந்தால் அடி படும். வாளுக்குக் கூட்டல் 5, ஆகவே பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதினொரு வாய்ப்பு. பட்டால் இரண்டு ஆறுமுகப் பகடையும் 3ம், சராசரி 10. ஆக ஒரு சுற்றுக்கு ஐந்தரை.

வில்லாளிக்கு வில் பயிற்சி என்று தனியாக ஒரு சலுகை உண்டு, குறிக்கு இன்னும் 2 கூடும். வாள்காரர் அந்த இடத்தில் கவச எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டார் என்று வையுங்கள். வில்லுக்குக் கூட்டல் 7, பகடையில் 8 விழுந்தால் போதும். இருபதில் பதின்மூன்று வாய்ப்பு. பட்டால் எட்டுமுகப் பகடை ஒன்றும் 3ம், சராசரி ஏழரை. சுற்றுக்கு 4.9 மாதிரி வரும். இருபது விழுந்தால் இரட்டிப்பு என்ற சலுகையை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன்.

அப்படியானால் வாள்தானே மேல்? ஐந்தரை பெரிதா, 4.9 பெரிதா? இங்கேதான் நானும் முதலில் ஏமாந்தேன். கையெழுத்துப் போடும் முன் தேதியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். இங்கே தேதிக்குப் பதில் தூரம். எதிரி 120 அடி தள்ளி நிற்கிறான். ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு விநாடி. அதில் ஒருவர் 30 அடி நடக்கலாம், அடிக்காமல் ஓடினால் 60 அடி. வாள்காரர் இரண்டு சுற்று ஓடினால்தான் எதிரி பக்கத்தில் போய் நிற்பார். மூன்றாம் சுற்றில்தான் முதல் வீச்சு. நெடுவில் 150 அடிவரை தடையில்லாமல் போகும், 600 அடிவரை கஷ்டப்பட்டுப் போகும். அதற்குள் வில்லாளி இரண்டு அம்பு விட்டுவிட்டார், கணக்கில் ஏறக்குறைய 9.8 முன்னால் இருக்கிறார். வாள்காரர் சுற்றுக்கு 0.6 வீதம் அந்தப் பாக்கியை அடைக்க வேண்டும். பதினாறு சுற்று ஆகும். எங்கள் மேசையில் எந்தச் சண்டையும் ஐந்து சுற்றைத் தாண்டியதில்லை. அசல் அடைவதற்குள் கணக்கே மூடிவிடுகிறது.

அதே இருவரையும் முப்பதடி அறைக்குள் போடுங்கள். வாள்காரர் முதல் சுற்றிலேயே போய் வெட்டிவிடுவார். எதிரி வில்லாளியின் ஐந்தடிக்குள் வந்துவிட்டால் அவர் பகடையை இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். மூக்குக்கு நேரே கத்தி ஆடும்போது நாண் இழுத்துக் குறிபார்க்க முடியாது என்ற நியாயம்தான். அறுபத்தைந்து சதவீதம் நாற்பத்திரண்டாகக் குறைகிறது, 4.9 என்பது 3.2 ஆகிறது. பின்வாங்கலாமே என்றால், விலகும்போது எதிரிக்கு ஓர் இலவச அடி கிடைக்கும்.

விதிப்புத்தகம் நியாயமாகத்தான் இருக்கிறது. சண்டை எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் சாய்வு. இடத்தை வரைந்தது யார்? நான்தான்.

நோட்டைப் புரட்டினேன். மொத்தம் பதினொரு சண்டை. அதில் எட்டு, திறந்த வெளியில் நூறடிக்கு மேல் இடைவெளியில் தொடங்கியிருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் அறைக்குள். வேண்டுமென்று செய்யவில்லை. வெள்ளாற்று மணலும் நம் ரயில்வே லைனுக்கு அப்பால் இருக்கும் பொட்டலும் பார்த்து வளர்ந்த கண், வரைபடம் என்றால் கை தானாக வெட்டவெளியைத்தான் போடுகிறது. ஆனாலும் பேரன் வெட்டவெளியில் ஜெயிக்கும்போது எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் மற்ற எதையும் கவனிக்காமல் விட்டேன். புகார் சொன்னவரிடம் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன், இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

இன்னொரு விஷயமும் நோட்டில் அகப்பட்டது. யார் எத்தனை எதிரியை வீழ்த்தினார்கள் என்று ஒரு பத்தி போட்டு வைத்திருந்தேன். வில்லாளி 19, வாள்வீராங்கனைகள் இருவருமாக 7. பிள்ளைகள் அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் பீற்றிக்கொள்வார்கள். யார் எத்தனை அடி வாங்கினார்கள் என்று பத்தியே போடவில்லை. பழைய பக்கங்களிலிருந்து எண்ணி எடுத்தேன். வாள் 41, மற்ற இருவருமாக 12, வில் 6.

அந்த 41ஐப் பார்த்ததும் எனக்கு 2016 நவம்பர் ஞாபகம் வந்துவிட்டது. எட்டாம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள், பத்தாம் தேதி காலையில் வங்கிகள் திறந்தன. நான் பணக் கவுண்டர். வரிசை தெருமுனை வரை. உள்ளே உட்கார்ந்து கணக்கு ஒப்பிட்டவர்களும் ராப்பகலாக உழைத்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதவரும், என் அப்பா பெயரைச் சொல்லித் திட்டியவரும் நின்றது அந்தக் கண்ணாடி ஓட்டைக்கு முன்னால். அன்றைக்கு எத்தனை நோட்டு மாற்றினோம் என்பதற்குப் பேரேடு உண்டு. எத்தனை திட்டு வாங்கினோம் என்பதற்கு இல்லை.

அந்த வில்லாளியின் 19 எப்படி வந்தது? எதிரி அவனிடம் போகவே இல்லை. போகாமல் பிடித்து வைத்தது வாள். அவள் அங்கே நின்ற சுற்றுகளில்தான் இவன் சாவகாசமாக நாண் ஏற்றினான். அவளைத் தாண்டிப் போக முயன்ற பூதத்துக்கு அவள் இலவச அடி கொடுத்தாள். நோட்டில் நான் அவன் பெயரில் வரவு வைத்த பலவற்றில் அவளுக்கும் பங்கு உண்டு.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நான் மாடிக்குப் போய் அந்த நோட்டைக் காட்டினேன். நாற்பத்தொன்றை அவளே மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஒன்று தப்பு, நாற்பத்திரண்டு என்றாள். சரிதான், ஒரு அடி விட்டுப்போயிருந்தது. "சரி, வரேன். ஆனா வில்லு எடுக்கமாட்டேன்" என்றாள். ஏம்மா என்றேன். "பின்னாடி நிக்கப் போர் அடிக்குது தாத்தா."

அதன்பிறகு புதிய வரைபடம் போட உட்கார்ந்தபோது, நம் பக்கத்து இளவரசன் ஒருவன் மனதில் வந்தான். வீராணம் ஏரி உங்களுக்குத் தெரியும், சென்னைக்கே குடிக்கத் தண்ணீர் போகிறது. பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற பட்டப் பெயரில் வந்த ஏரி. அவன் மகன் இராஜாதித்தன் தன் படையைக் கொண்டு வெட்டியது என்பார்கள். உளுந்தூர்பேட்டைக்கு அருகே திருநாவலூரில்தான் அவன் படையோடு தங்கியிருந்தான், அந்த ஊருக்கு இராஜாதித்தபுரம் என்றே பெயர் இருந்திருக்கிறது. வடக்கேயிருந்து இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் வருவான் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த படை. 949இல் அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் போர் நடந்தது. இராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே செத்தான். "ஆனைமேல் துஞ்சின" என்று கல்வெட்டுகளில் அவன் பெயருக்கு முன்னால் அடைமொழியே நின்றுவிட்டது.

எப்படிச் செத்தான் என்பதற்கு இரண்டு பதிவு இருக்கிறது. நம் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. சோழர்களின் லெய்டன் செப்பேடு, அவன் அம்பு மழையால் கிருஷ்ணன் படையையே கலக்கியதாகவும், எதிரியின் கூரிய அம்பு ஒன்று மார்பில் தைத்து யானை மீதே இறந்ததாகவும் சொல்கிறது. கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த கல்லோ, கிருஷ்ணனின் துணைவனான கங்க மன்னன் பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக்கொண்டு இராஜாதித்தனைக் குத்திக் கொன்றான் என்கிறது. ஒரே சாவு, இரண்டு பேரேடு. ஒன்றில் வில், ஒன்றில் கத்தி. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் என் ஊகம் ஒன்று உண்டு. தோற்ற வீட்டார் எழுதும்போது, எங்கள் பிள்ளையை எவனும் நெருங்கமுடியவில்லை, தூரத்திலிருந்து வந்த அம்புதான் கொன்றது என்று எழுதத் தோன்றும். ஜெயித்தவன் எழுதும்போது, யானை மேலேயே ஏறினேன் என்று எழுதத் தோன்றும். கிட்டப்போய் நிற்பதற்கு இருந்த மதிப்பு இரண்டு பதிவிலும் தெரிகிறது.

அந்த ஆதகூர்க் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை, நாய் வளர்ப்பவர்களுக்காக. போரில் நன்றாகச் சண்டை போட்ட மணலேரன் என்பவனிடம் என்ன பரிசு வேண்டும் என்று பூதுகன் கேட்டதற்கு, அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. அதற்காகத்தான் கல்லே நட்டார்கள். போர்ச் செய்தி அதில் கூட வந்ததுதான். கைகலப்பு வகை வீரர்களின் பட்டியலில் அந்த நாயையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் மேசையில் ஏகமனதாகத் தீர்மானம்.

செங்கம் பக்கத்து நடுகற்களின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரர்கள். பலர் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக நிற்கிறார்கள். வில்லாளியா வாள்வீரனா என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. மாடு தூரத்தில் இருந்தால் வில், கிட்ட வந்தால் கத்தி. பேரன் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

சிவகங்கைப் பக்கம் வளரி என்று ஒன்று உண்டு, வளைந்த எறி ஆயுதம். சின்ன மருதுவிடம் அதை எறியக் கற்றுக்கொண்டதாக ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் புத்தகத்தில் வளரி இல்லை, எறிவேல் இருக்கிறது. முப்பதடிவரை தடையில்லாமல் எறியலாம், கஷ்டப்பட்டால் 120 அடி. முக்கியமான விஷயம், அதற்கு வில்லாளியின் விரல் நுணுக்கம் தேவையில்லை, வாள்காரரின் தோள் வலிமையே போதும். அடி கொஞ்சம் குறைவு. ஆனால் ஓடிக்கொண்டே கையை வெறுமனே வைத்திருப்பதைவிட எவ்வளவோ தேவலை. இது புத்தகத்தில் முதலிலிருந்தே இருந்தது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவும் என் கணக்கில்தான் பற்று.

வரைபடத்துக்கு வருகிறேன். வெள்ளாற்றங்கரையில் வெட்டுக்கு நிற்கும் கரும்புத் தோட்டம், ராத்திரி நேரம். ஆலைக்கு லோடு போகும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று விளக்கவே வேண்டாம். ஆளை மறைக்கும் உயரம், கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது, சோகை உரசும் சத்தம் மட்டும். பேரன் "600 அடி" என்று வாயைத் திறந்தான், "எதைப் பார்த்து விடுவ?" என்றேன். வாள்வீராங்கனை வரப்பில் ஏறி நின்றுகொண்டாள். ஒரே ஆள் நிற்கிற வரப்பு. பூதங்கள் ஒவ்வொன்றாகத்தான் வர முடிந்தது. அவளுக்குப் பின்னால் நின்று பேரன் அம்பு விட்டான். நடுவில் ஆள் நிற்பதால் எதிரியின் கவச எண்ணில் 2 கூடும் என்று நான் சொன்னதும் முகம் சுருங்கியது, ஆனாலும் விட்டான். அன்று மூன்று பூதம் அவள் கையால், இரண்டு அவன் கையால். அவள் உயிர்ப்புள்ளி நான்கில் நின்றது. பூசாரித் தம்பி ஓடிப்போய் மருந்து போட்டான்.

அன்று முடிந்து படி ஏறும்போது பேரன் கேட்டான். "தாத்தா, இது எனக்கு எதிரா போட்ட மேப்தானே?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வெட்டவெளியை ஒரு கரும்புத் தோட்டத்தால் சரிக்கட்டப் பார்த்தேன், அதுவும் சாய்வுதான். அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. வெட்டவெளி, கரும்புக் காடு, அறை, சந்து, ஆற்றுத்துறை, கோட்டை மதில் என்று ஆறு இடங்களை எழுதி வைத்திருக்கிறேன். சண்டை தொடங்கும்போது ஒரு பிள்ளை ஆறுமுகப் பகடையை உருட்டும். எது விழுகிறதோ அதுதான் இடம், எனக்கு அதில் பேச்சில்லை. நோட்டில் வாங்கிய அடிக்கும் பத்தி போட்டாகிவிட்டது. அதை நான் எழுதுவதில்லை, இரண்டாம் மாடிப் பெண் எழுதுகிறாள். என் கூட்டலைச் சரிபார்க்கவும் செய்கிறாள்.

அவளுடைய வாள்வீராங்கனை முதுகில் இப்போது மூன்று எறிவேல் இருக்கிறது. பேரன் போன வாரம் தன் தங்கக் காசில் ஒரு குறுவாள் வாங்கினான். பகடை உருட்டியதில் மறுபடி வெட்டவெளி விழுந்ததால் அது இன்னும் உறையை விட்டு வரவில்லை.

பெற்றோர்கள் யாராவது வந்து பார்க்க விரும்பினால் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வரலாம், ஓர் இடம் காலியாகவும் இருக்கிறது. வருகிறவர்கள் பகடையைக் கையில் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். இருபது முகப் பகடை ஒன்று லிஃப்ட் குழிக்குள் விழுந்து, அதை எடுத்துக் கொடுத்த வாட்ச்மேன் அண்ணனுக்கு நாங்கள் இன்னும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை.